கட்டப்படும் வீடும் காணும் கண்களும்: பாலுமகேந்திராவின் ‘வீடு’ திரைப்படம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பது தமிழர் வாழ்வில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இவ்விரண்டனுள் திருமணம் பற்றித் தமிழ்க் கலைஞர்கள் ஏராளமாகப் படைத்துள்ளனர். வீடு கட்டுதல் பற்றியோ மிகச் சிலரே படைத்துள்ளனர். கட்டி முடிக்கப்பட்ட வீடு கதைக்குரிய இடமாகப் பல படைப்புகளில் வருகின்றது. அவ்வீடு கல்லும் மண்ணுமாகக் கிடந்து சுவராக எழும் காலம் கதைப்பொருளாகக் கொள்ளப்படுவது அரிது. அவ்வரிய படைப்புகளுள் முதன்மையானது, 1988ஆம் ஆண்டில் வெளிவந்த பாலுமகேந்திராவின் ‘வீடு’ என்னும் திரைப்படம். 1987ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படத்திற்கான விருதை இப்படம் பெற்றது. இதில் சுதாவாக நடித்த அர்ச்சனா சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார்.

இப்படத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு கருத்துகளை முன்வைப்பர். நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் இன்னல்களை மிகையின்றிக் காட்டிய படம் என்பது ஒன்று. அரசு அலுவலகங்களில் மலிந்த கையூட்டைத் தோலுரித்த படம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தவறல்ல. எனினும் இவை படத்தின் செய்தியைக் கூறுகின்றனவே தவிர, அதன் அமைப்பை விளக்குவனவாக இல்லை. ஒரே வீடு, அது கட்டப்படுவதைக் காணும் ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒவ்வொரு பொருளாகத் தோன்றுகின்றது என்பதே இப்படத்தின் அடிப்படை அமைப்பு என்று இக்கட்டுரை கருதுகின்றது. அவ்வமைப்பின்வழி நோக்கும்போது, பலராலும் ஐயுறப்படும் இப்படத்தின் முடிவு எத்துணைப் பொருத்தமானது என்பதையும் காண இயலும்.

‘வீடு’ என்னும் சொல்

படத்தின் தலைப்பிலிருந்தே தொடங்குதல் தகும். ‘விடு’ என்னும் வினைப்பகுதியின் முதலெழுத்து நீண்டு ‘வீடு’ என்னும் பெயர் பிறந்தது. கெடு என்பது கேடு என்றும், படு என்பது பாடு என்றும் ஆவது போன்ற முதனிலை திரிந்த தொழிற்பெயர் இது. பழந்தமிழில் குடும்பம் வாழும் இடத்தைக் குறிக்க இல், மனை, அகம் ஆகிய சொற்களே மிகுதியாக வழங்கின. வீடு என்பது விடுதலையையும் பேற்றையும் குறித்தது. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நால்வகை உறுதிப்பொருள்களுள் இறுதியானதாக எண்ணப்படுவது இப்பொருளிலேயே ஆகும். குடியிருக்கும் கட்டடத்தைக் குறிப்பது இச்சொல்லின் பிற்காலப் பெருவழக்கு.

விட்டு நீங்குதலைக் குறித்த ஒரு சொல் நிலையாகத் தங்கும் இடத்தைக் குறிக்க வந்தது எண்ணத்தக்கது. பாலுமகேந்திரா இச்சொல்வரலாற்றைக் கருதித்தான் தலைப்பிட்டார் என்று கூறுவதற்கில்லை. ஆயினும், வாடகை வீட்டை விட்டு நீங்கவேண்டிய கட்டாயத்தில் தொடங்கி, கட்டிய வீடும் கைவிட்டுப் போகுமோ என்னும் அச்சத்தில் முடியும் இக்கதைக்கு இச்சொல்லின் இருபொருளும் பொருந்திவருகின்றன. படத்தில் ஒருவருக்கு மட்டும் வீடு என்பதன் பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே நாளில் கைகூடுகின்றன. அவர் சுதாவின் தாத்தா. அப்பகுதி பின்னர் விளக்கப்பெறும்.

கதைச் சுருக்கம்

சென்னையில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிபவள் சுதா. தங்கை இந்து, பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற தாத்தா முருகேசன் ஆகியோருடன் வாடகை வீட்டில் வாழ்கின்றாள். அவ்வீட்டை இடித்து அடுக்குமாடிக் குடியிருப்புக் கட்ட விரும்பும் உரிமையாளர் இவர்களைக் காலிசெய்யுமாறு கூறுகின்றார். சுதாவும் அவளை மணக்கவிருக்கும் கோபியும் (பானுசந்தர்) வேறு வீடு தேடி அலைகின்றனர். கைக்கு எட்டும் வாடகையில் வீடு கிடைக்கவில்லை. உடன் பணிபுரியும் ஒருவர் சொந்தமாகக் கட்டலாமே என்று வழிகாட்டுகின்றார். வளசரவாக்கத்தில் தாத்தாவுக்கு இரண்டு மனைகள் உள்ளன. ஒன்றை விற்று, வீட்டுக்கடனும் பெற்று, மற்றொன்றில் வீடு எழுப்புவது எனத் தீர்மானிக்கின்றனர். ஒப்பந்தக்காரர் ஏமாற்றுகின்றார், பணம் போதவில்லை, மழை தடுக்கின்றது. பாதி கட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் தாத்தா இறக்கின்றார். அதன்பின் ஒருநாள், அந்நிலம் குடிநீர் வாரியத்தால் கையகப்படுத்தப்பட்டது என்னும் செய்தி வருகின்றது. நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்நோக்கிச் சுதா காத்திருப்பதுடன் படம் நிறைவடைகின்றது.

இவ்வளவே கதை. இதில் பாடல் இல்லை, சண்டைக்காட்சி இல்லை. இளையராஜா 1986ஆம் ஆண்டில் தனித்தொகுப்பாக வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’ என்னும் கருவியிசையே பின்னணியாகப் பயன்படுத்தப்பட்டுள்ளது. ஒளிப்பதிவையும் படத்தொகுப்பையும் இயக்குநரே மேற்கொண்டார்.

இயக்குநரின் கண்

பாலுமகேந்திரா 1939ஆம் ஆண்டில் இலங்கையின் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றவர். தம் இளமையில் தாயார் வீடு கட்டத் தொடங்கியபோது அவருடைய இயல்பே மாறிப்போனதைக் கண்ட நினைவிலிருந்து இப்படம் தோன்றியதாக அவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். இச்செய்தி வெறும் வாழ்க்கைக் குறிப்பன்று. படத்தின் பார்வைக் கோணத்தை உணர்த்தும் சான்றாகும். வீடு கட்டுவதைக் காணும் சிறுவனுக்குக் கட்டடத்தின் கணக்குத் தெரியாது. மணற்குவியல் அவனுக்கு விளையாட்டு. ஆனால் தாயின் முகத்தில் நேரும் மாற்றம் அவனுக்குத் தெரியும். சுவர் உயர உயர முகத்தின் மலர்ச்சி குறைவதை அவன் காண்பான்.

படத்தின் ஒளிப்பதிவு இம்முறையிலேயே இயங்குகின்றது. கட்டடத்தின் வளர்ச்சியைக் காட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒளிப்பதிவுக் கருவி மீண்டும் சுதாவின் முகத்திற்குத் திரும்புகின்றது. வீட்டின் வளர்ச்சிக்கும் அவள் தளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு உரையாடலால் சொல்லப்படாமல் காட்சியால் உணர்த்தப்படுகின்றது. அர்ச்சனாவின் நடிப்புக்குக் கிடைத்த விருது இம்முகத்திற்குக் கிடைத்த விருது எனலாம்.

கணக்காகக் காணும் கண்

சுதா வீட்டைக் காண்பது பெரும்பாலும் கணக்காகவே. இதனை அவளுடைய குறை எனக் கருதலாகாது. வீட்டுக்கடன் முறையே அவளை அவ்வாறு காணச் செய்கின்றது. கடன் தரும் நிறுவனம் தொகை முழுவதையும் ஒரே முறையில் தருவதில்லை. அடித்தளம் முடிந்தால் ஒரு பகுதி, நிலைமேல் மட்டம் எட்டினால் ஒரு பகுதி, கூரைத் தளம் போட்டால் ஒரு பகுதி எனத் தவணைமுறையில் வழங்குவதே வழக்கம. அடுத்த தவணையைப் பெற இந்தக் கட்டத்தை முடிக்கவேண்டும். இந்தக் கட்டத்தை முடிக்க அடுத்த தவணை வேண்டும். வேலை நிற்கும் நாளிலும் வாடகையும் வட்டியும் நிற்பதில்லை. இச்சுழலில் சிக்கியவருக்குச் சுவர் என்பது சுவராகத் தோன்றாது. அடுத்த தவணைக்கான சான்றாகவே தோன்றும்.

ஒப்பந்தக்காரர் சிமெண்டைத் திருட்டுத்தனமாக விற்க முனையும் நிகழ்ச்சி இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. இக்கால மாணவர்க்கு இஃது ஒரு சில்லறைத் திருட்டாகத் தோன்றக்கூடும். அக்கால நிலை வேறு. இந்தியாவில் சிமெண்டு விலையும் பங்கீடும் நெடுங்காலம் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. 1982ஆம் ஆண்டில் அக்கட்டுப்பாடு பகுதியளவே தளர்ந்தது; 1989 மார்ச்சுத் திங்களில்தான் முற்றிலும் நீங்கியது. ஆகவே இப்படம் உருவான காலத்தில் சிமெண்டு மூட்டை என்பது எளிதில் பணமாக மாற்றத்தக்க பண்டம். மேலும், களவாடப்படும் மூட்டை கணக்கில் மட்டும் குறைவதில்லை. செங்கல் கட்டுக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்பது பொது வழக்கு. மூட்டை குறைந்தால் மணல் மிகும். மணல் மிகுந்தால் சுவரின் வலிமை குறையும். திருடப்படுவது பொருள் மட்டுமன்று. அச்சுவரை நம்பி அதன்கீழ் உறங்கப்போகும் குடும்பத்தின் பாதுகாப்பும் ஆகும். பூச்சு முடிந்தபின் இத்திருட்டை எவரும் காண இயலாது. கட்டப்படும் காலத்தில் உடனிருந்து காண்பவர் மட்டுமே அறிய இயலும்.

வேலையாகக் காணும் கண்

அவ்வாறு உடனிருந்து காண்பவள் மங்கம்மா. பசி சத்யா ஏற்ற இப்பாத்திரம் தமிழ்த் திரையில் உடலுழைப்புப் பெண்ணைக் காட்டிய மிகச் சிறந்த சித்திரங்களுள் ஒன்று. சித்தாளாக வேலைசெய்யும் மங்கம்மா ஒப்பந்தக்காரரின் களவை வெளிப்படுத்துகின்றாள். அவர் வேலையை விட்டு விலகியபின், மங்கம்மாவின் துணையால்தான் கட்டுமானம் தொடர்கின்றது.

மங்கம்மாவை நேர்மையின் வடிவம் என்று பாராட்டிவிட்டு நின்றுவிடுதல் போதாது. அவளால் களவைக் காண முடிந்ததற்குக் காரணம் நற்பண்பு மட்டுமன்று, தொழிலறிவும் ஆகும். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை கலவையாயிற்று என்பது சட்டி சுமப்பவளுக்குத் தெரியும். படித்தவளான சுதாவிடம் இல்லாத அறிவு அவளிடம் உள்ளது. வீட்டின் உரிமையாளர் தாளில் காண்பதை அவள் தலைச்சுமையில் காண்கின்றாள். சுதா அவளை நம்பத் தொடங்கும் இடம், ஒரு வகுப்பினர் மற்றொரு வகுப்பினரின் அறிவை ஏற்கும் இடமாகும். படத்தில் உண்மையான உறவு மலர்வது இவ்விரு பெண்களுக்கிடையேதான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சுதாவுக்கும் கோபிக்கும் இடையேயுள்ள காதல் இதனை நோக்க மெலிந்தே காணப்படுகின்றது.

வீடாகக் காணும் கண்

தாத்தா முருகேசனாக நடித்தவர் பழைய நாடகக் கலைஞரான சொக்கலிங்க பாகவதர். அவர் கட்டடத்தைக் காணச் செல்லும் பகுதியே இப்படத்தின் உச்சம். முதுமையால் தளர்ந்த அவர் எவரிடமும் சொல்லாமல் தனியே பேருந்தேறி அங்குச் செல்கின்றார். வீடு இன்னும் முடியவில்லை. பூச்சு இல்லை, கதவு இல்லை. அவர் மெல்ல நடக்கின்றார்; சுவரைத் தொட்டுப் பார்க்கின்றார். உரையாடலுக்கு அங்கு இடமில்லை.

இக்காட்சி நம்மை உருக்குவதற்குக் காரணம் என்ன? முதியவர் ஒருவர் இறக்கப்போகின்றார் என்னும் இரக்கம் மட்டுமன்று. அவ்விரக்கம் பின்னரே தோன்றுவது. அவ்வீட்டை வீடாகக் காணும் முதல் கண் அவருடையது என்பதே காரணம். அதுவரை அது கடனாகவும், ஒப்பந்தமாகவும், கூலியாகவும், அனுமதித் தாளாகவும் இருந்தது. எவரும் அதனைக் கண்டு மகிழவில்லை. மகிழ நேரமும் இல்லை. தாத்தாவுக்கு மட்டுமே அதில் கணக்கு ஏதுமில்லை. அவர் தொடும் செங்கல் எந்தத் தவணைக்கு உரியது என்பதை அவர் அறியார். அவருக்குத் தெரிவது ஒன்றே: இது நம் வீடு.

கட்டி முடிக்கப்படாத வீட்டில் காணும் கண்ணுக்கு ஓர் உரிமை உண்டு. இங்கே வாயில், இங்கே அடுக்களை, இங்கே என் நாற்காலி என்று இல்லாததை வைத்துப் பார்க்கும் உரிமை அது. முடிந்த வீட்டில் அவ்வுரிமை இல்லை, உள்ளதைத்தான் காணவேண்டும். தாத்தா கண்ட வீடு ஒருநாளும் விரிசல் விடாது. அதனை எந்த வாரியமும் கையகப்படுத்த இயலாது. அவர் அதனைக் கண்ட நிறைவோடு திரும்புகின்றார். வழியிலேயே உயிர் பிரிகின்றது. வீடு என்னும் சொல்லின் இருபொருளும் அவருக்கு அன்று கைகூடின என்று முன்னர்க் கூறியது இது பற்றியே.

நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் பகுதி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. நட்ட கோலின் நிழலால் திசை குறித்து, நூலிட்டு அளந்து, தெய்வத்தைப் போற்றி, வல்லுநர் மனை வகுப்பதை நக்கீரர் விரித்துரைக்கின்றார். மாளிகையின் தோற்றத்துக்கு முன் அதன் அளவைக் காட்டும் அக்கவிஞரின் நோக்கு வியக்கத்தக்கது. ஆனால் அங்கு வீடு எழுவது அரசனின் ஆணையால், தடை ஏதுமில்லை. அம்மாளிகையின் உள்ளே துயருறும் தலைவி ஒருத்தி இருக்கின்றாள். மனையின் நிறைவும் மனத்தின் குறையும் அங்கு எதிர்நிறுத்தப்படுகின்றன. பாலுமகேந்திராவின் படத்தில் இவ்வமைப்புத் தலைகீழாகின்றது. மனை குறையாக நிற்கின்றது. காண்பவர் மனம் நிறைகின்றது.

நிலமாகக் காணும் கண்: முடிவு பொருத்தமானதா?

தாத்தாவின் மறைவுக்குப் பின் வரும் திருப்பத்தைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. குடும்பம் இவ்வளவு துன்புற்றபின் நிலமே பறிபோகின்றது எனக் காட்டுவது, துயரத்தை வலிந்து கூட்டுவது ஆகாதா என்பது நியாயமான வினா. தற்செயல் நிகழ்ச்சியால் முடியும் கதை, காரணகாரியத் தொடர்பால் முடியும் கதையினும் தாழ்ந்ததே. ஆயின் இம்முடிவு தற்செயலா என்பதை ஆராய வேண்டும்.

படத்தின் முற்பகுதியில் கட்டட அனுமதி பெறும் காட்சிகள் உள்ளன. அனுமதி உரிய ஆய்வால் கிடைக்கவில்லை, கையூட்டால் கிடைக்கின்றது. கையூட்டு என்பதைப் பொதுவாகப் பண இழப்பாகவே நாம் எண்ணுகின்றோம். அதனினும் ஆழமான ஒரு விளைவு அதற்கு உண்டு. அனுமதி என்பது அந்நிலத்தின் ஆவணங்களை ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்ப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. பணம் கைமாறும்போது அப்படித்தல் கைவிடப்படுகின்றது. கையொப்பம் மட்டும் எஞ்சுகின்றது. அந்நிலத்தின் மேல் வேறொரு துறைக்கு உரிமை உண்டா என்பதைக் கண்டறிந்திருக்கவேண்டிய ஒரே வாய்ப்பு அன்றே இழக்கப்பட்டுவிட்டது. ஆகவே நிலம் பறிபோவது தற்செயல் அன்று. அனுமதி விலைக்கு வாங்கப்பட்ட நாளிலேயே விதைக்கப்பட்ட விளைவு அது. எல்லாரும் ஏதோ ஒன்றைக் காணும் இக்கதையில், காணவேண்டிய அலுவலர் காணாமல் விட்டதே அழிவுக்குக் காரணம்.

சென்னையின் அக்கால வளர்ச்சியும் இம்முடிவுக்கு அரண் செய்கின்றது. சென்னைக் குடிநீர் வாரியம் 1978ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. வளசரவாக்கம் அன்று மாநகராட்சிக்கு வெளியே இருந்த புறநகர். 2011ஆம் ஆண்டில்தான் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஒரே நிலத்தின்மேல் உள்ளாட்சி அமைப்பும் பெருநகரத்திற்குரிய வாரியமும் தனித்தனியே அதிகாரம் செலுத்திய காலம் அது. நிலம் கையகப்படுத்துவதற்கு 1894ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டமே அன்று நடைமுறையில் இருந்தது. அச்சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்ட புதிய சட்டம் 2014 சனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. நகருக்குக் குடிநீர் வேண்டும். குடும்பத்திற்கு வீடு வேண்டும். இரண்டும் நியாயமான தேவைகள். வாரியத்தின் கண்ணுக்கு அது வீடன்று. எண்ணிடப்பட்ட ஒரு துண்டு நிலம். இதில் கொடியவர் எவரும் இல்லாமையே முடிவை மேலும் கடினமாக்குகின்றது.

இங்கு மற்றொன்றையும் நேர்மையாகக் கூறவேண்டும். கையூட்டைக் கேட்டவர் மட்டுமல்லர், கொடுத்தவரும் அச்செயலில் பங்குடையவர். சுதாவின் குடும்பத்தை முற்றிலும் குற்றமற்றதாக இயக்குநர் காட்டவில்லை. வேறு வழியின்றிக் கொடுத்தனர் என்பது உண்மை. அவ்வுண்மை அவர்களை விளைவிலிருந்து காக்கவில்லை என்பதும் உண்மை. வகுப்பறையில் இப்படத்தை ‘ஊழல் ஒழிப்பு’ என்னும் தலைப்பின்கீழ் மட்டும் கற்பிப்பது இச்சிக்கலை மறைத்துவிடும்.

இரண்டு ஒப்புமைகள்

செயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ 1973இல் நூலாக வெளிவந்தது. அதில் ஹென்றி தன்னை வளர்த்த தந்தையின் பூட்டிக்கிடந்த வீட்டைத் தேடிக் கிருட்டிணராசபுரம் என்னும் சிற்றூருக்கு வருகின்றான். அவ்வீட்டைப் புதுப்பிக்கின்றான். அவனுக்கு உரிமைச் சிக்கல் எழவேண்டிய இடத்தில் எழவில்லை. சித்தப்பாவான துரைக்கண்ணு மனமுவந்து விட்டுக்கொடுக்கின்றார். ஊரே கூடி உதவுகின்றது. இலட்சிய உலகில் வீடு எவ்வாறு எழும் என்பதற்கு அது சான்று. செயகாந்தன் வீட்டை மனிதர் கூடும் இடமாகக் கண்டார். பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் பாலுமகேந்திரா, நகரத்தில் அதே செயல் மனிதரை எவ்வாறு தனிமைப்படுத்துகின்றது என்பதைக் கண்டார். சிற்றூர்க்கும் நகர்க்கும் உள்ள வேறுபாடு மட்டுமன்று இது. பரம்பரை வீட்டுக்கும் கடன்பட்ட வீட்டுக்கும் உள்ள வேறுபாடும் ஆகும்.

மற்றொன்று வி.எஸ். நைப்பாலின் ஆங்கிலப் புதினமான ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ (1961). டிரினிடாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர்களின் வழிவந்தவர் பிஸ்வாஸ். தோட்டக் குடியிருப்பு வரிசையில் ஓர் அறையில் வாழும்போது அவர் சொந்த வீடு கட்டத் தொடங்குகின்றார். கையிலுள்ள சிறு தொகைக்கு ஏற்ப, பழைய தகரத்தைக் கூரையாக வேய்ந்து, பகுதி பகுதியாக எழும் அவ்வீடு முழுமையடையவே இல்லை, புயலால் சிதைகின்றது. இறுதியில் அவர் கடன்பட்டு வாங்கும் நகர வீடும் குறைகள் நிறைந்தது. ஆயினும் சொந்த வீட்டில் இறக்கும் பேறு அவருக்குக் கிடைக்கின்றது. நைப்பால் எள்ளல் கலந்து சொல்வதைப் பாலுமகேந்திரா எள்ளலின்றிச் சொல்கின்றார். தனக்கென ஒரு கூரை இல்லாதவன் பிறருடைய கருணையில் வாழவேண்டியவன் என்னும் உணர்வு இரண்டுக்கும் பொது.

மலேசிய, சிங்கப்பூர்ச் சூழலில் இப்படம்

நைப்பாலின் தோட்டக் குடியிருப்பு நமக்குப் புதியதன்று. மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் வாழ்ந்த லயம் தோட்ட நிருவாகத்துக்கு உரியது. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் இல்லை. மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த வீடாயினும் அதன் ஒரு பலகைகூட அவர்களுக்கு உரியதாகவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் அவை வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோதும், வெளியேறியோர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். அத்தலைமுறையினருக்கு, நகர்ப்புறத் தாமானில் வாங்கிய சிறு வீடும் குடும்ப வரலாற்றின் திருப்புமுனையாக அமைந்தது.

சிங்கப்பூரில் நிலை வேறு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டில் தோன்றியது. வீட்டுடைமைத் திட்டம் 1964இல் தொடங்கப்பட்டது. 1968 முதல் மத்திய சேமநிதியைக் கொண்டு வீடு வாங்கும் வழி ஏற்பட்டது. அங்குக் குடும்பம் தன் வீடு எழுவதை அருகிருந்து காண்பதில்லை. முடிந்த வீட்டின் சாவியைப் பெறுகின்றது. ஒப்பந்தக்காரரின் களவும், அனுமதிக்கு அலைதலும், மழையில் கரையும் மணலும் அக்குடும்பத்தின் நினைவில் இல்லை. இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. அதே நேரத்தில், மங்கம்மாவை அறியும் வாய்ப்பும், சுவரைத் தொட்டுப் பார்க்கும் தாத்தாவின் கணமும் அங்கு இல்லை.

இங்கு ஒரு வினா எழுகின்றது. நம் நகரங்களில் இன்று கட்டடம் எழுப்புவோர் யார்? வங்காளதேசம், இந்தோனேசியா, தமிழகம் முதலிய இடங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள். ஒருகாலத்தில் பிறர் நிலத்தில் உழைத்து, பிறர் தந்த லயத்தில் வாழ்ந்தோரின் வழித்தோன்றல்கள், இன்று அதே நிலையிலுள்ள பிறர் எழுப்பும் வீடுகளில் குடியேறுகின்றனர். ‘வீடு’ திரைப்படத்தை இந்நாடுகளின் மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர் மங்கம்மாவிலிருந்து தொடங்கினால், படம் சென்னையோடு நின்றுவிடாது. மாணவரின் சாளரத்துக்கு வெளியே நிற்கும் சாரம் வரை வந்துசேரும்.

குறைகள்

இப்படத்தில் குறைகளும் உண்டு. பண உதவி நாடிச் செல்லும் சுதாவிடம் செல்வாக்குடையவர் தவறான நோக்கோடு நடந்துகொள்ளும் நிகழ்ச்சி, நடைமுறையில் நிகழாதது அன்று. எனினும் அது தமிழ்த் திரைக்கு முன்பே பழகிப்போன முறையில் அமைந்துள்ளது. ஏனைய பகுதிகளில் காணப்படும் நுட்பம் அங்கு இல்லை. கோபி பெரும்பாலும் துணைநிற்பவனாகவே வந்துபோகின்றான். இந்து எண்ணுவது இன்னதென்று அறியக் காட்சிகள் போதவில்லை. வீடு எழுவதைச் சிறுவயதில் கண்ட இயக்குநர், படத்திலுள்ள இளையவளின் கண்வழியே அதனை மேலும் காட்டியிருக்கலாம்.

இவற்றினும் முக்கியமானது மங்கம்மா பற்றியது. பிறர்க்கு வீடு கட்டும் அவளுடைய வீடு எது, அதன் நிலை என்ன என்னும் வினா படத்தின் மையத்துக்கு வரவில்லை. சுதாவின் இழப்பு நீதிமன்றம் வரை செல்கின்றது. மங்கம்மா போன்றோரின் இழப்பு எந்த நீதிமன்றத்துக்கும் செல்வதில்லை. இப்படம் நடுத்தர வர்க்கத்தின் கண்ணால் உழைக்கும் வர்க்கத்தை மதிப்போடு காண்கின்றது. உழைக்கும் வர்க்கத்தின் கண்ணால் வீட்டைக் காணவில்லை. இஃது இப்படத்தின் எல்லை. அவ்வெல்லையைச் சுட்டுவதால் அதன் சிறப்புக் குறைந்துவிடாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ‘வீடு’ திரைப்படம் கையூட்டு பற்றிய படம் என்பதினும், காணுதல் பற்றிய படம் என்பதே பொருத்தம் எனத் தெளியலாம். சுதா கணக்கைக் காண்கின்றாள். ஒப்பந்தக்காரர் ஆதாயத்தைக் காண்கின்றார். மங்கம்மா வேலையைக் காண்கின்றாள். வாரியம் நிலத்தைக் காண்கின்றது. தாத்தா ஒருவரே வீட்டைக் காண்கின்றார். காணவேண்டியவர் காணாமையால் அவ்வீடு வழக்காகின்றது.

பாலுமகேந்திரா 2014ஆம் ஆண்டில் மறைந்தார். இப்படத்தின் மூல நெகட்டிவ் எஞ்சவில்லை என்று தம் இறுதிக்காலத்தில் அவர் வருந்திக் கூறினார். இன்று நமக்குக் கிடைப்பவை தரம் குறைந்த படிகளே. வீடு கட்டுவோரின் இழப்பைப் பாடிய படைப்பே இவ்வாறு காக்கப்படாமல் போனது தமிழ்ச் சமூகம் எண்ணிப்பார்க்கவேண்டிய ஒன்று. எஞ்சியுள்ள படிகளையேனும் பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் முறையாகப் பேணுதல் வேண்டும். தமிழாசிரியர்கள் இப்படத்தை மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும். முடியாத சுவரைத் தாத்தா தொட்ட கணம், அதனைக் காணும் புதிய கண்கள் உள்ளவரை நிலைத்திருக்கும்.